சூடுகம்பி கட்டர்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

மாதிரி விமான இறக்கைகள், மேடை எழுத்துகள், பேக்கிங் அச்சுகள் என்று தெர்மாகோல் வெட்டும் வேலைகளைப் பல வருடங்களாகச் சூடுகம்பியில்தான் செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த வில் (சூடாகும் கம்பியை இழுத்துப் பிடிக்கும் சட்டம்) நல்லது என்றுதான். வில்லை மரச்சட்டத்தில் யாரும் செய்துகொள்ளலாம். வெட்டின் தரம் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

என் வில்லில் 0.4 மி.மீ. நிக்ரோம் கம்பி. நிக்கல் 80, குரோமியம் 20 சதவீதக் கலவை. மீட்டருக்கு ஏறக்குறைய 8.7 ஓம் வரும், 60 செ.மீ. வில்லுக்கு 5 ஓமுக்குச் சற்று மேல். 12 வோல்ட் கொடுத்தால் 2.3 ஆம்பியர் ஓடும். அதே 12 வோல்ட்டை 30 செ.மீ. வில்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். தடை பாதியாகிவிடுவதால் மொத்த வாட் இரட்டிப்பாகும். அந்த இரட்டிப்பும் பாதி நீளத்திலேயே இறங்குவதால் ஒவ்வொரு செ.மீ.க்கும் நான்கு மடங்கு சூடு. கம்பி பளபளவென்று சிவந்துவிடும். ஆகவே ‘எத்தனை வோல்ட் சப்ளை வாங்கலாம்?’ என்ற கேள்விக்கு வில்லின் நீளம் தெரியாமல் பதிலே கிடையாது. ஆம்பியர் அப்படியல்ல. ஒரே தடிமன் கம்பியில் ஒரே ஆம்பியர் ஓடினால், நீளம் எதுவானாலும் சூடு ஒன்றுதான்.

இதனால்தான் கரன்ட்டை நிலையாகப் பிடித்து வைக்கும் பெஞ்ச் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறேன். இந்தக் கம்பிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு ஆம்பியருக்குள் வைத்தால் சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் சுத்தமாக வெட்டுப்படும். வில்லை மாற்றினாலும் திருகைத் தொட வேண்டியதில்லை. பழைய லேப்டாப் சார்ஜரும், மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரும் சேர்ந்தால் அதுவும் நல்ல ஜோடி. வில் மாறும்போது மட்டும் திருகைக் குறைத்து வைத்துத் தொடங்க வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் விளக்கு டிம்மர் போடுவோரும் உண்டு. டிரான்ஸ்பார்மர் சுமையைத் தாங்கும் டிம்மராக இருந்தால்தான் அது நிற்கும். சாதாரணமானது ரீங்காரமிட்டுக் கெட்டுப்போகும்.

வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை நேராகக் கம்பியில் இணைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மீட்டர் குறைந்த வோல்ட் காட்டினாலும் அது வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டதல்ல. நாம் கையால் தொடக்கூடிய வெறும் கம்பி இது, உயிர் போகும்.

சூடு சரியா என்பதைக் கம்பியின் நிறத்தை வைத்துப் பார்க்கக் கூடாது, கம்பி சிவக்கவே கூடாது. வெட்டும்போது நடுக்கம்பி பின்தங்கி வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது தள்ளும் வேகம் அதிகம். வெட்டுத்தடம் அகன்று ஓரம் குழிந்தால் சூடு அதிகம். சரியான நிலையில் கம்பி பொருளைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது உருகி வழிவிடும்; தள்ளுகிற உணர்வே கையில் இருக்காது. மேசை விசிறியின் காற்று கம்பிமேல் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுவிடும். புகையைப் பின்பக்கமிருந்து வெளியே இழுக்கும் விசிறிதான் வேண்டும்.

சூடேறினால் கம்பி நீளும், மீட்டருக்கு 4 மி.மீ. வரை. வில்லில் ஸ்பிரிங் இல்லாவிட்டால் அந்தத் தொய்வு அப்படியே வெட்டில் பதியும். முனைகளில் முதலைக் கிளிப் தற்காலிகத்துக்குச் சரி. நாளடைவில் பிடி தளர்ந்து கம்பிக்குப் பதில் கிளிப் சூடாகும். நிக்ரோமில் சாதாரண ஈயம் ஒட்டாது. வாஷர் வைத்து ஸ்க்ரூவில் இறுக்குவதே நான் கண்டவரை நீடிக்கிறது.

இறக்கை வெட்டுவதில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல். இரு முனையும் ஒரே நேரத்தில் வெட்டி முடிய வேண்டுமென்றால் நுனிப்பக்கக் கம்பி மெதுவாகத்தான் நகரும். அங்கே அதிகம் உருகி, இறக்கை திட்டமிட்டதைவிட மெலியும். கரன்ட்டைச் சற்றுக் குறைத்து, நுனியில் கம்பிக்கு வழிகாட்டும் அச்சை உருகும் அளவுக்குப் பெரிதாக வெட்டிக்கொண்டால் சரியாகிறது. துண்டுகளை ஒட்டி வெட்டுபவர்கள் கம்பி போகும் பாதையில் பசை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த எப்பாக்சியில் கம்பி அப்படியே நின்றுவிடும்.

தெர்மாகோல் வெட்டும்போதே ஸ்டைரீன் ஆவி வரும்; தூசி முகமூடி அதைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். மெத்தை ஸ்பாஞ்சு போன்ற பாலியூரித்தேனைக் கம்பியில் வைக்கவே கூடாது. அது ஒழுங்காக உருகாமல் கருகி, ஐசோசயனேட்டும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகையைத் தரும். பி.வி.சி. ஃபோமும் வேண்டாம், அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும். என்ன பொருள் என்று தெரியாத துண்டு கைக்கு வந்தால் ரம்பமோ கத்தியோதான் எடுக்கிறேன்.