எருக்கலையா, சிவப்புப் பூ மில்க்வீடா?

வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுப் புழு வளர, வீட்டில் எருக்கலை (எருக்கு) வைப்பதா, நர்சரியில் வாங்கும் சிவப்புப் பூ மில்க்வீட் செடி வைப்பதா என்பதுதான் கேள்வி. வட அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சி நம்ம பக்கம் வராது. அதே டானஸ் பேரினத்து வெந்தய வரியன் வரும், நாகர்கோவில் மொட்டைமாடிக்குக்கூட வரும். புழுவில் வித்தியாசம் தெரியும்: மொனார்க் புழுவின் முதுகில் 2 ஜோடி கருங்கொம்பு, இதற்கு 3 ஜோடி.

முட்டையைக் கண்ணால் பார்ப்பதற்கு நர்சரி மில்க்வீட்தான் எளிது. இலை ஒடுக்கம், வழவழப்பு. அடியில் வெள்ளைக் குண்டூசித்தலை போல முட்டை தனியாகத் தெரியும். எருக்கலை இலையின் அடியிலோ வெண்பஞ்சு படிந்திருக்கும், முட்டை அதில் கலந்துவிடும். வெயில் ஏறிய காலையில் தாய்ப்பூச்சி இலை இலையாக உட்கார்ந்து, முன்னங்காலால் தட்டிப் பார்த்து, வயிற்றை அடிப்பக்கம் வளைக்கும். இட்ட இலைக் காம்பில் உடனே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். 3, 4 நாளில் பொரிந்துவிடும்.

அப்படியிருந்தும் நான் எருக்கலையைத்தான் சொல்வேன். காரணம் தீனி. புழு வளர ஏறத்தாழ 2 வாரம் பிடிக்கும். கடைசி சில நாள் தீனிதான் பெருந்தீனி. முழங்கால் உயர மில்க்வீடில் நாலைந்து புழு ஏறினால் மொட்டைத்தண்டுதான் மிஞ்சும், கூட்டுப்புழுவாகும் முன்பே பட்டினி. உள்ளங்கையைவிடப் பெரிய எருக்கலை இலையில் அந்தப் பயம் இல்லை. நடுநரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம் புழு நிதானமாகத் தின்பதையும் பார்க்கலாம். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து அடித்திருந்தால் புழு சுருண்டு சாகும். வாங்கும்போதே கேளுங்கள்.

எருக்கலையைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுப்போகும். பென்சில் தடிமத் தண்டை ஒரு சாண் வெட்டி, பால் உலர ஒரு நாள் நிழலில் போட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். கடலோர மணவாளக்குறிச்சி மணலில் தானாகவே நிற்கும் செடி. குலசேகரம் பக்கத்து மழைக்கு மேடுகட்டி நடாவிட்டால் வேர் அழுகும். 3 அடிக்கு மேல் விடாமல் வெட்டினால் தளிர் கைக்கெட்டும். கையுறை போடுங்கள், பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி இரண்டு செடியிலும் வரும். வேப்பெண்ணெய் வேண்டாம், புழுவும் போய்விடும். முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். மில்க்வீடில் இந்த வேலை ஓயாது. போதாக்குறைக்கு விதை பஞ்சோடு பறந்து அண்டைவீட்டிலும் முளைக்கும். முட்டையைக் குழந்தைகளுக்குக் காட்ட ஒரு தொட்டி மட்டும் வைத்துக்கொண்டு, காயை வெடிக்கும் முன் கிள்ளிவிடுங்கள். அதில் பொரிந்த புழு இருக்கும் இலையை அப்படியே கிள்ளி எருக்கலைத் தளிரில் வைத்தால் புழு ஏறிக்கொள்ளும்.