சிறிய சங்கத்துக்கு எந்தத் தரவுத்தளம்? கிளிநொச்சியில் பொஸ்ட்கிரெஸ் பாவித்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர் பதிவு, சேமிப்பு, கடன் மூன்றும் 2020இலிருந்து பொஸ்ட்கிரெஸ்கியூஎல் (PostgreSQL, சுருக்கமாகப் பொஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகின்றன. அதைப் பராமரிப்பது என் வேலை. காசாளர், கடன் பகுதி, முகாமையாளர் என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் அதில் இருப்பார்கள். மாங்குளம், மல்லாவிப் பக்கமிருந்தும் இதே அளவுச் சங்கங்கள் "எதைப் போடலாம்?" என்று கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாவிக்கலாம் என்பது. தரவை ஒரு கோப்பாக வைக்கும் மைக்ரோசொப்ட் அக்ஸஸ் 255 பேர் என்கிறது. ஆனால் ஐந்து பேரோடேயே அது திணறலாம். அக்ஸஸ் கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்தால், ஒவ்வொரு கணினியும் நெட்வேர்க் வழியாக அந்தக் கோப்புக்குள் தானே கை வைக்கிறது. பாதி எழுதும்போது வைபை விட்டாலோ கரண்ட் போனாலோ கோப்பு பழுதாகும். படிவங்களை ஒரு கோப்பிலும் தரவை இன்னொரு கோப்பிலும் பிரித்து வைத்தால் ஆபத்து குறையும், ஆனால் போய்விடாது. ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது. அதே போலத் தரவை ஒரு கோப்பாக வைக்கும் எஸ்கியூலைட்டையும் பகிர்ந்த கோப்புறையில் வைத்துப் பலர் எழுதுவது சரிவராது. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பொஸ்ட்கிரெஸ் போன்ற சேர்வர் வகை வேறு மாதிரி. சங்கக்கடையில் சனம் எல்லாம் களஞ்சியத்துக்குள் புகுந்து சாமான் எடுக்காமல், மேசையில் நிற்பவரிடம் கேட்டு வாங்குவது போல, தரவைத் தொடுவது ஒரே ஒரு மென்பொருள்தான். அது எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் "சரி" என்று பதில் சொல்லும். கரண்ட் போய் வந்தால் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்தார்களே, அந்தக் காலத்தை எங்கள் தரவு தாண்டியது இதனால்தான். சேர்வராக நிற்பது ஒரு பழைய லப்டொப், லினக்ஸ் போட்டது. அதன் பற்றரியே யூபிஎஸ் வேலையும் பார்க்கிறது. ரவுட்டருக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய யூபிஎஸ் வேண்டும். வன்னி வெயிலில் எந்நேரமும் சார்ஜில் நிற்கும் பற்றரி ஊதக்கூடும், அதை அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

ஆனால் சேர்வர் போட்டுவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். காலபோக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசோடு சனம் வரும் நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்கத்தவரின் சேமிப்பு மீதி 20,000 ரூபா. காசாளர் 5,000 வரவு வைக்கிறார். அதே நேரம் கடன் மேசையில் இருப்பவர் தவணைக்காக 3,000 கழிக்கிறார். இரண்டு திரையிலும் 20,000 என்றுதான் தெரிகிறது. ஒருவர் 25,000 என்று சேமிக்க, மற்றவர் 17,000 என்று சேமிக்க, கடைசியாக எழுதியதே நிற்கும். இருக்கவேண்டியது 22,000. மென்பொருள் மீதியை வாசித்து, கூட்டிக் கழித்து, அப்படியே திருப்பி எழுதும் வகையென்றால், பொஸ்ட்கிரெஸ்ஸின் வழமையான அமைப்பும் இதைத் தடுக்காது. ஆகவே எங்கள் அட்டவணைகளில் மீதி என்று ஒரு நிரலே (column) கிடையாது. வரவும் செலவும் மட்டும் வரிவரியாக ஏறும். மீதி வேண்டும்போது கூட்டிக் காட்டப்படும். காசாளருக்குப் புதிய வரி சேர்க்கும் உரிமை உண்டு, திருத்தவோ அழிக்கவோ உரிமை இல்லை. பிழையாக ஏறினால் பேரேட்டில் செய்வது போல எதிர்ப்பதிவு போடவேண்டும். ஒவ்வொரு பாவனையாளருக்கும் தனி உரிமை கொடுக்கும் இந்த வசதிக்காகவே சேர்வர் வகையைப் பரிந்துரைப்பேன். யார் வீட்டில் எவ்வளவு கடன் என்ற விவரம் வெளியே போனால் எங்கள் ஊர்களில் ஒரு குடும்பத்தின் மானம் போகும். எல்லோரும் திறக்கக்கூடிய கோப்புறையில் அது கிடக்கக்கூடாது.

பழைய தரவை உள்ளே கொண்டுவருவதுதான் உண்மையில் பெரிய வேலை, மென்பொருளைத் தெரிவதைவிடப் பெரியது. இங்கே அனேகமான எக்செல் பட்டியல்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் கமலா என்று தெரிந்தாலும் உள்ளே கிடப்பது நான்கு ஆங்கில எழுத்துகள். இப்போதைய பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் கமலாவைத் தேடினால் வராது. மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் வெறும் எழுத்தை மட்டும் வைக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்த உடனேயே எந்தக் கட்டத்தில் எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடும். பிறகு ஆங்கிலத்தில் எழுதிய பெயரும் மாற்றிக்குள் போய் உருக்குலையும். எக்செல்லில் இருக்கும்போதே எழுத்துருவைப் பார்த்துப் பாமினி வரிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அகரவரிசைக்கு, மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் ஐசியூ (ICU) ஒழுங்கைப் பொஸ்ட்கிரெஸ்ஸில் தெரிவுசெய்யவேண்டும். வெறும் குறியெண் வரிசையில் விட்டால் ன-வும் ற-வும் தம் இடம் மாறி நிற்கும்.

அடையாள அட்டை இலக்கம் அடுத்தது. 2016இலிருந்து வந்தது 12 இலக்கம். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். ஒரே ஆள் இரண்டு விதமாகவும் பதிவாகியிருப்பார். பழையதன் முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை விட்டால் 12 இலக்கம் வந்துவிடும். பெண்களுக்கு, பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண்ணோடு 500 கூட்டியிருக்கும் என்பதால் ஆண், பெண் பதிவையும் சரிபார்க்கலாம். இருந்தாலும் அந்த இலக்கத்தை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொருவரையும் பிரித்தறியும் நிரலாக, வைக்காதீர்கள். 2009இல் எல்லா ஆவணங்களையும் விட்டுவிட்டு ஓடிய சனம் இது. இலக்கம் கைவசம் இல்லாதவரும் அங்கத்தவராகவேண்டும். சங்க அங்கத்துவ எண்ணே சாவி. அட்டை இலக்கத்தை இரட்டிக்காத, ஆனால் வெறுமையாக விடக்கூடிய நிரலாக வைத்தோம். பொஸ்ட்கிரெஸ் அப்படிப் பல வெறுமைகளை ஏற்கும். மைக்ரோசொப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வர் சாதாரணமாக ஒன்றைத்தான் ஏற்கும்.

அதன் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், 2022 பதிப்பில் இருந்த 10 ஜிபி வரம்பே எங்களுக்குத் தாராளம். ஆனால் இரவில் தானாகப் பிரதி எடுக்கும் ஏஜென்ட் அதில் இல்லை. மாதச் சந்தா வாங்கும் இணையச் சேவைகளை நாங்கள் தொடவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது அப்படியொரு கட்டணத்தை எந்தச் சங்கம் தாங்கியிருக்கும்?

இன்னொரு சேர்வர் வகைத் தரவுத்தளமான மரியாடிபி மட்டும் பொஸ்ட்கிரெஸ்ஸுக்கு நேர் நிற்கக்கூடியது. இணையத்தளம் செய்து பழக உதவும் எக்ஸாம்ப் (XAMPP) மென்பொருள் தொகுப்பில் பழகிய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், எக்ஸாம்புக்குள் வருவதும் மரியாடிபிதான். பழுது பார்க்க ஓடிவரக்கூடியவருக்கு அதுதான் தெரியுமென்றால் தயங்காமல் அதையே போடுங்கள். எக்ஸாம்பில் ரூட் என்ற தலைமைப் பாவனையாளரின் கடவுச்சொல் வெறுமையாக வரும், அதை முதலில் மாற்றுங்கள்.

பிரதி எடுப்பது பற்றி ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரின் கோப்புறையைப் பென்ட்ரைவில் இழுத்துப் போடுவது பிரதி ஆகாது. பொஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஜிடம்ப் (pg_dump) கட்டளை, ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தாலும் ஒரு கணத்தின் முழு நிலையை எடுத்துத் தரும். அது ஒவ்வொரு இரவும் ஓடுகிறது. கிழமைக்கு ஒருமுறை ஒரு பிரதி, கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, பொருளாளர் வீட்டுக்குப் போகும். மாதம் ஒருமுறை அதை இன்னொரு கணினியில் மீட்டு, மொத்தச் சேமிப்புத் தொகை ஒத்துவருகிறதா என்று பார்க்கிறோம்.

பொஸ்ட்கிரெஸ்ஸில் எனக்குள்ள ஒரே குறை பதிப்பு மாற்றம். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு. அது முடிவதற்குள் தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றவேண்டும். நாங்கள் தொடங்கிய 12ஆம் பதிப்புக்கு ஆதரவு 2024 நவம்பருடன் முடிந்தது. அதற்கு முன்பே ஒரு வார இறுதியில் 16க்கு மாறிவிட்டோம். பழைய சேர்வரை அழிக்காமல், அந்த மாதக் கணக்கு முடியும் வரை வாசிக்க மட்டும் விட்டு வைத்திருந்தோம். 16க்கு 2028 நவம்பர் வரை ஆதரவு இருக்கிறது. அடுத்த மாற்றத்தைச் செய்யக் கடன் பகுதியில் இருக்கும் தங்கச்சி இப்போதே பழகுகிறார். கடந்த சில மாதங்களாக மீட்டுப் பார்க்கும் வேலையும் அவருடையதுதான்.