ஆர்ச்சர்ட் தெருவா, பக்லூ தெருவா?

நியூயார்க்கின் 97 ஆர்ச்சர்ட் தெரு, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் 145 பக்லூ தெரு. பல குடித்தனங்கள் வாடகைக்கு இருந்த இவ்விரண்டு இடங்களும் இன்று அருங்காட்சியகங்கள்.

கிளாஸ்கோவில் திறந்திருப்பது ஒரே ஒரு வீடுதான். 1892-ல் எழுந்த செம்மணற்கல் கட்டடம். சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்த ஆக்னஸ் டோவர்ட் அங்கே 1911 முதல் 1965 வரை குடியிருந்தார். எதையும் தூக்கிப் போடாதவர்; அதனால் அவருடைய பொருட்கள் அங்கேயே இருக்கின்றன. சமையலறையில் நிலக்கரி அடுப்பு, சுவர் மாடத்துக்குள் கட்டில், வீட்டுக்குள்ளேயே குளியலறை. அந்தக் காலத்துக்கு இது வசதியான வாழ்க்கை.

நியூயார்க் கட்டடம் 1863-ல் செங்கல்லால் கட்டியது. வீட்டுக்கு மூன்று சிறு அறைகள். வெளிச்சம் நேராக விழுவது ஒன்றில் மட்டும். கழிவறை கொல்லையில், வாடகைக் குடியிருப்புகளுக்கான 1901 சட்டத்துக்குப் பிறகே உள்ளே வந்தது. ஏறக்குறைய 7,000 பேர் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1935-ல் விதிகளின்படி மாற்றிக் கட்ட மனமில்லாத உரிமையாளர், குடித்தனக்காரர்களை வெளியேற்றி மாடிகளைப் பூட்டிவிட்டார். அதனால்தான் பழைய சுவர்த்தாள்கள் அடுக்கடுக்காக இன்னும் ஒட்டியிருக்கின்றன.

ஒருவருடைய அன்றாடத்தைப் பொருள் பொருளாகப் பார்க்க கிளாஸ்கோ. நெருக்கடியும் சட்டமும் ஒரு கட்டடத்தை எப்படி மாற்றின என்று பார்க்க நியூயார்க். என் தேர்வு நியூயார்க். ஏழைகளின் வீடுகள் இப்படிக் காப்பாற்றப்படுவது அபூர்வம்.