ஜாங்கோவா, ரெயில்ஸா: முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்

பல வருடம் ஓட வேண்டிய ஓர் இணையச் செயலிக்கு, அதைக் கட்ட உதவும் சட்டகங்களான (ஃபிரேம்வொர்க்) ஜாங்கோ, ரெயில்ஸ் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜாங்கோவை எடுத்தோம். வேகம், நூலகங்கள், ஆவணங்கள் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜாங்கோவின் மொழியான பைத்தானா, ரெயில்ஸின் மொழியான ரூபியா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. என்னைச் சாய்த்தது பராமரிப்பு. அதாவது, எதைச் சேர்ப்பது, எதைத் தூக்குவது என்று அங்கே யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது.

ரெயில்ஸுக்கு மையக் குழு உண்டு. ஆனாலும் 2004 முதல் திசையைக் காட்டுபவர் அதை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன்தான். இதில் நிஜமான லாபம் இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்புவது போன்ற வேலைகளைப் பயனரைக் காக்க வைக்காமல் பின்னணியில் செய்ய உதவும் ஆக்டிவ் ஜாப் அங்கே 2014-லேயே வந்துவிட்டது. ஜாங்கோவில் அதற்கு இணையான வசதி 2025 டிசம்பரில், 6.0 பதிப்பில்தான் வந்தது. அதிலும் வேலையை ஓட்டும் வொர்க்கரை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஆனால் அதே வேகம் நீக்குவதிலும் இருக்கிறது. 2019-இல் ரெயில்ஸ் 6-இல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக்கர் இயல்பான தேர்வானது. 2021 டிசம்பரில் 7.0 வந்தபோது அந்த இடம், தொகுக்காமலேயே அவற்றை உலாவியில் ஏற்றும் இம்போர்ட் மேப்ஸுக்குப் போனது. 2023-இல், ரெயில்ஸோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான டர்போவின் 8-ஆம் பதிப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்டை (வகைச் சரிபார்ப்பு சேர்ந்த ஜாவாஸ்கிரிப்ட்) எடுத்தபோது, எதிர்ப்பு குவிந்துகொண்டிருக்கும்போதே மாற்றம் இணைக்கப்பட்டுவிட்டது.

ஜாங்கோவின் இரண்டு தலைவர்களும் 2014 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்கள். 2020-இல் மையக் குழுவையே கலைத்தார்கள். இப்போது இருப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட வழிகாட்டுக் குழு. பெரிய மாற்றம் என்றால் முதலில் எழுத்தில் முன்மொழிவு வர வேண்டும். நீக்குவதற்கும் எழுதிவைத்த விதி உண்டு: குறைந்தது இரண்டு பதிப்புகளாவது எச்சரிக்கை கொடுக்காமல் எதையும் தூக்க முடியாது.

எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கும் ஜாங்கோவின் பழைய யூஆர்எல் ஃபங்ஷனையே பாருங்கள். 2020 ஆகஸ்டில் 3.1 வந்ததும் எச்சரிக்கை வரத் தொடங்கியது. 3.2-இலும் அது வேலை செய்தது. 2021 டிசம்பரில் 4.0-இல்தான் போனது. எந்தப் பதிப்பில் நீக்கப்படும் என்பது எச்சரிக்கையின் பெயரிலேயே இருக்கும். எச்சரிக்கைகளைக் காட்டும்படி டெஸ்ட்டை ஓட்டினால், என்னென்ன மாற்ற வேண்டும் என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் கிடைத்துவிடும். சின்னக் குழுவுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மேம்படுத்தும் வேலையை மற்ற வேலைகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவிடலாம்.

இதற்கு விலையும் உண்டு. ஏசிங்க் (ஒரு வேலை முடியக் காத்திருக்காமல் மற்றதைத் தொடரும் முறை) ஆதரவுக்கான முன்மொழிவு ஜாங்கோவில் 2019-இல் ஏற்கப்பட்டது. இன்னும், தரவுத்தளத்தில் பல மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும் டிரான்ஸாக்‌ஷன்கள் ஏசிங்க்கில் இயங்குவதில்லை. அது அவசியம் என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்புறம், பெரிய ரெயில்ஸ் செயலியைப் பல பதிப்புகள் தாண்டி மேம்படுத்திய அனுபவம் எனக்கு இல்லை; செய்தவர்கள் அது அவ்வளவு கடினமில்லை என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஒன்றிரண்டு பேர் சீக்கிரம் கட்டிப் பார்க்க வேண்டிய செயலி என்றால் ரெயில்ஸையே சொல்வேன். நாங்கள் ஜாங்கோ 5.2 எல்டிஎஸ்ஸில் (நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு) தொடங்கினோம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை உண்டு. அடுத்த எல்டிஎஸ் 2027 ஏப்ரலில் வரும் என்று அட்டவணை சொல்கிறது. மாறுவதற்கு ஒரு வருடம் கிடைக்கும்.