டெஸ்டர் போட்டுப் பார்த்து 48,500 ரூபா பிடுங்கிவிட்டார்கள், கவனம்

நேற்றுப் பின்னேரம்தான் உண்மை தெரிந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை.

மூன்று கிழமைக்கு முதல் என் விட்ஸ் காரில் செக் எஞ்சின் லைட் விழுந்தது, நிற்கும்போது எஞ்சின் லேசாக உதறியது. யாழ்ப்பாணத்தில் கம்ப்யூட்டர் ஸ்கேன் செய்கிற கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே டெஸ்டரைக் குத்திய பொடியன் இரண்டு நிமிடத்தில் திரையை என் பக்கம் திருப்பினான். பி0171 என்று ஒரு பழுதுக் கோடு நம்பர். "அண்ணை, நான் சொல்லேல்லை, மிசின்தான் சொல்லுது. ஒக்சிஜன் சென்சர் பழுதாப் போட்டுது." அந்தத் திரையைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் இன்னொரு இடத்தில் கேட்டிருப்பேன். சென்சரும் (புகையில் ஒக்சிஜனை அளக்கிற சாமான்) கூலியுமாக 48,500 ரூபா, பில் இல்லை. லைட் அணைந்தது, நானும் சந்தோசமாக வந்தேன்.

நாலாம் நாள் சாவகச்சேரி போய்வரும்போது திரும்ப விழுந்தது. போன் எடுத்தால் "கள்ளப் பெற்றோல் அடிச்சிருப்பியள்" என்றார்கள். நேரே போனேன், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். பழைய சென்சரைக் கேட்டால் குப்பைக்குள் போட்டாச்சாம். இப்போது என் நம்பருக்குப் போனே எடுப்பதில்லை.

நேற்றுச் சுன்னாகத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். எஞ்சின் ஓட ஓட ஹோஸ்களின் மேல் கிளீனர் அடித்துப் பார்த்தார், ஓரிடத்தில் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. வெடித்த வேக்கம் ஹோஸ், எஞ்சினோடு சேரும் சின்ன ரப்பர் குழாய், அதற்குள்ளால் காற்று ஒழுகியிருக்கிறது! மாற்ற 1,800 ரூபா. பி0171 என்றால் கலவையில் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்பது மட்டும்தான், சென்சர் பழுது என்று அர்த்தமே இல்லை என்றார். காற்று ஒழுக்கு, உள்ளே போகிற காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சரில் ஊத்தை, பலமில்லாத பெற்றோல் பம்ப், எதுவாகவும் இருக்கலாமாம். என் பழைய சென்சர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது, அதையே கழற்றி எறிந்துவிட்டு 48,500 ரூபா வாங்கியிருக்கிறார்கள். முதல்தரம் லைட் அணைந்ததும் டெஸ்டரால் அந்தக் கோடு நம்பரை அழித்ததால்தான்.

விவரமாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. கோடு நம்பரைப் போனில் படம் எடுங்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பில்லும் பழைய சாமானும் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். லைட் அணைந்தவுடன் திருத்தியாச்சு என்று நம்ப வேண்டாம், இரண்டு மூன்று நாள் ஓடிப் பாருங்கள்.

நாளைக் காலை திரும்பப் போகிறேன். வெடித்த ஹோஸ் என்னிடம் இருக்கிறது.