மடுத் திருத்தலம்: மனம் உடைந்தவர்கள் எப்போது, எப்படிப் போகலாம்

இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் உள்ள கத்தோலிக்க மாதா திருத்தலம் மடு. அங்கே திருவிழாவுக்குப் போவதா, ஆறுதலுக்குப் போவதா என்று முதலில் முடிவெடுங்கள். ஆடித் திருவிழாவும் (யூலை 2) ஆவணித் திருவிழாவும் (ஓகஸ்ட் 15) சனக்கடலாகிவிடும். காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு அங்கே அழ இடம் கிடையாது. சாதாரண வாரநாளே நல்லது.

வவுனியாவிலிருந்து மன்னார் பேருந்தில் மடுச் சந்தியில் இறங்கினால், உள்ளே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் காட்டு வழி. திரும்பிவர ஓட்டோவை முன்பே பேசிவையுங்கள். மாலையில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். குடிதண்ணீர் கட்டாயம். பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய வேண்டுமானால் குருவானவர் இருக்கும் நேரத்தை முதலே கேட்டறியுங்கள்.

இந்தத் தலத்தின் பலம் அதன் வரலாறு. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து தப்பியோடியவர்கள் சுமந்து வந்த மாதா சுரூபம் (சிலை) இங்கே இருக்கிறது. 1999 நவம்பரில் ஆலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் எறிகணையில் இறந்தார்கள். 2008இல் போரின்போது மாதாவே இடம்பெயர்ந்தார்: சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்ற மலிவான ஆறுதல் இங்கே எடுபடாது.

செபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 13ஐ மெதுவாக வாசியுங்கள். 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்டபிறகுதான் அது நம்பிக்கைக்குத் திரும்புகிறது. சங்கீதம் 88 அப்படித் திரும்புவதுமில்லை, இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள், வாயைத் திறந்தபின்தான் கெடுத்தார்கள். துணைக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்தால் போதும்.

குறை: நண்பகல் வெயில். முதியவர்களைக் காலையிலேயே கூட்டிச் செல்லுங்கள்.