சர்வீஸா, டாஸ்க் ஷெட்யூலரா? விண்டோஸில் ஒரு நிரலைப் பின்னணியில் ஓட்டுவது

கணினி ஆன் ஆனதும், யாரும் லாகின் செய்யாவிட்டாலும், ஒரு நிரல் தானாக ஓட வேண்டும். விண்டோஸில் இதற்கு வழி கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "என்எஸ்எஸ்எம் போட்டுடுங்க". எந்த நிரலையும் சர்வீஸாக, அதாவது லாகின் இல்லாமலே விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் நிரலாக, பதிவு செய்து தரும் கருவி அது. பல நேரம் அது போதும். சில நேரம் சர்வீஸ் 'ரன்னிங்' என்று காட்டும், வேலை மட்டும் நடக்காது. அப்போது கருவியை மாற்றிப் பயனில்லை. ஓட்டுகிற நிரலைத்தான் பார்க்க வேண்டும்.

விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்கள் எல்லாம் செஷன் 0 என்ற தனி அமர்வில் ஓடுகின்றன. நாம் உட்கார்ந்திருக்கும் டெஸ்க்டாப் செஷன் 1 அல்லது அதற்கு மேல். அங்கே திறக்கும் விண்டோ இங்கே தெரியாது. "புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவவா?" என்று நிரல் ஒரு பெட்டியைக் காட்டினால், ஓகே அழுத்த ஆளில்லாமல் அப்படியே நிற்கும். முன்பு அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்க விண்டோஸிலேயே ஒரு வசதி இருந்தது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே முதல் கேள்வி, இந்த நிரல் விண்டோ இல்லாமல் வேலை செய்யுமா என்பதே.

கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் செய்யும். அதன் முகப்பே பிரவுசரில், 8384 போர்ட்டில்தான் இருக்கிறது. அதை வைத்தே ஒப்பிடுவோம்.

விண்டோஸோடு வரும் எஸ்சி கட்டளையால் எந்த எக்ஸி கோப்பையும் சர்வீஸாகப் பதிவு செய்யலாம். ஸ்டார்ட் கொடுத்தால்தான் 1053 பிழை வரும். சர்வீஸாக எழுதப்பட்ட நிரல் "நான் எழுந்துவிட்டேன்" என்று, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சாதாரண நிரலுக்கு அது தெரியாது. 30 வினாடி பார்த்துவிட்டு விண்டோஸ் கைவிட்டுவிடும். நடுவில் நின்று பதில் சொல்ல ஒரு ஆள் தேவை. எஸ்ஆர்வி-எனி என்ற பழைய கருவி அதைச் செய்யும், ஆனால் உள்ளே ஓடும் நிரல் செத்தாலும் கவனிக்காது. இன்று அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மிஞ்சுவது என்எஸ்எஸ்எம், வின்எஸ்டபிள்யூ இரண்டும். என்எஸ்எஸ்எம்மின் பலம் அதன் சின்ன விண்டோ: எக்ஸி எங்கே, லாக் எங்கே, நின்றால் என்ன செய்வது என்று நிரப்பிவிட்டு இன்ஸ்டால் அழுத்தினால் முடிந்தது. நிரல் நின்றால் தானே மறுபடி கிளப்பும். குறை, வயது. நிலையான 2.24 பதிப்பு 2014-இல் வந்தது. புதிய விண்டோஸ் 10-களுக்கு அதன் தளமே 2.24-101 என்ற முன்வெளியீட்டைத்தான் பரிந்துரைக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நிறுத்தச் சொன்னால் அது முதலில் கன்ட்ரோல்-சி அனுப்பும், அடங்காவிட்டால் விண்டோவை மூடச் சொல்லும், கடைசியில் கொன்றுவிடும். ஒவ்வொரு படிக்கும் இயல்பாக ஒன்றரை வினாடிதான். டேட்டாபேஸ் வைத்திருக்கும் நிரலுக்கு இது போதாது. ஷட்டவுன் பகுதியில் தாராளமாகக் கூட்டி வையுங்கள்.

வின்எஸ்டபிள்யூ, ஜென்கின்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கிய கோசுகே கவாகுச்சி தொடங்கியது. விண்டோ கிடையாது, பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. நிறுத்த 15 வினாடி தருகிறது. என்எஸ்எஸ்எம் தன் அமைப்பை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வைக்கிறது, இது கோப்பில் வைக்கிறது. பத்து கணினிகளில் ஒரே அமைப்பைப் போடுபவருக்கு அந்த ஒரு வித்தியாசமே போதும். வீட்டில் ஒற்றைக் கணினி என்றால் எக்ஸ்எம்எல் எழுதி மெனக்கெட வேண்டாம், என்எஸ்எஸ்எம் போதும்.

எதை எடுத்தாலும் மாட்டும் இடம் ஒன்று உண்டு: கணக்கு. ஒன்றும் சொல்லாவிட்டால் சர்வீஸ் உங்கள் கணக்கில் அல்ல, லோக்கல் சிஸ்டம் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கில் ஓடும். சிங்க்திங் அந்தக் கணக்கின் புரொஃபைலில் புதிதாக ஒரு கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) உருவாக்கி, புது டிவைஸ் ஐடியோடு எழும். உங்கள் மற்ற சாதனங்களுக்கு அது முன்பின் தெரியாத ஆள். உங்கள் பழைய கான்ஃபிக் இருக்கும் ஹோம் ஃபோல்டரைக் கட்டளையில் குறிப்பிடுங்கள், அல்லது லாக்-ஆன் பகுதியில் உங்கள் கணக்கைக் கொடுங்கள். லாகினுக்கு அழுத்தும் பின் எண் அங்கே செல்லாது, பாஸ்வேர்டுதான் வேண்டும். அதைப் பின்னால் மாற்றினால் 1069 பிழையோடு சர்வீஸ் எழாது. நீங்கள் மேப் செய்த இசட் டிரைவும் சர்வீஸுக்குத் தெரியாது. சர்வர் பெயரோடு முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்ட விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. எதையும் இறக்க வேண்டாம், கணினி கிளம்பும்போதே நிரலையும் கிளப்பலாம். இயல்பு அமைப்புகள்தான் வினை. மூன்று நாளைக்கு மேல் ஓடினால் நிறுத்து, கரன்ட் இல்லாமல் பேட்டரியில் இருந்தால் தொடங்காதே என்ற இரண்டு டிக்கும் ஏற்கெனவே போட்டிருக்கும். முதலில் அவற்றை எடுங்கள். டாஸ்க்காக ஓடும் நிரலுக்கு முன்னுரிமையும் சற்றுக் குறைவு. ஒத்திசைவுக்கு அது நல்லதே.

விண்டோ இல்லாமல் ஓடவே மாட்டேன் என்கிற நிரலுக்கு, பட்டனை அழுத்த வேண்டிய பழைய பில்லிங் மென்பொருள் மாதிரி, சர்வீஸ் கனவை விட்டுவிடலாம். மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோலாகன் என்ற கருவி மூலம் தானாக லாகின் ஆகவிட்டு, 'லாகின் ஆனதும்' என்ற டாஸ்க்கில் நிரலைக் கிளப்பி, அடுத்த டாஸ்க்கில் திரையைப் பூட்டிவிடுங்கள். ஆட்டோலாகன் பாஸ்வேர்டை மறைகுறியாக்கித்தான் வைக்கும். ஆனாலும் அந்தக் கணினியின் அட்மின் உரிமை உள்ளவரால் அதை எடுத்துவிட முடியும். எனவே இதற்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.